இது எத்தனையாவது வாரம்?

வாசகர் கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்களுக்குக் கானாடுகாத்தான். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 69 வயது. மதுரையில் நாற்பது ஆண்டு இரும்புக் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்துவிட்டார். ரத்தசோகைக்குக் காரணம் தேடப் போன இடத்தில் பெருங்குடலின் வலப்பக்கம் கட்டி என்று தெரிந்தது. ஆனி 20-ஆம் தேதி அறுவைச் சிகிச்சை முடிந்து நன்றாகத் தேறிவிட்டார். அறிக்கையில் மூன்றாம் நிலை என்று வந்திருக்கிறது. உறவில் ஒரு மருத்துவர் ‘இரண்டு வருடம்’ என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இணையத்தில் பார்த்துவிட்டு ‘70 சதவீதம்’ என்கிறான். கீமோ கொடுக்க வேண்டுமாம். ஆடி போகட்டும், பிள்ளையார்பட்டி சதுர்த்தித் திருவிழா முடிந்து தம்பியும் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்கிறார் ஆத்தா. அப்பச்சியிடம் குடலில் புண் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். வரும் வைகாசியில் அவருக்கு எழுபதாம் வயதுச் சடங்கான பீமரத சாந்தி. அதை ஐப்பசியிலேயே வைத்துவிடலாமா? மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை ஆண்டு? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

வருடக் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வாரக் கணக்கு. ஆனி 20-இல் அறுவை என்றால், நான் இதை எழுதும்போது ஐந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருங்குடல் அறுவைக்குப் பின் கீமோ கொடுப்பதென்றால் எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு. உங்களுக்கு அந்தக் கெடு ஆவணி 13 வாக்கில் முடிகிறது. ஆத்தா சொல்கிறபடி திருவிழா முடிந்து, தம்பி வந்து, அதற்குப் பின் ஒரு நல்ல நாளும் பார்த்தால் பத்து வாரம் தாண்டிவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு கட்டுரை, நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் இறப்பு அபாயம் சுமார் 14 சதவீத விகிதத்தில் கூடுவதாகக் கண்டது. எத்தனை ஆண்டு என்று என்னைக் கேட்கிறீர்கள். அந்தப் பதிலில் ஒரு பங்கு இப்போது உங்கள் வீட்டு நாட்காட்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆத்தாவிடம் என் பெயரைச் சொல்லியே பேசுங்கள். ஆடியில் புதுக் காரியம் தொடங்குவதில்லை என்பது சரி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதும் நம் பேச்சுதான். ஆடியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆவணி வரட்டும் என்று எந்தத் தாயும் உட்கார்ந்திருப்பதில்லை. தம்பி வருவதற்குள் முதல் சுற்று முடிந்திருக்கட்டும். இரண்டாவது சுற்றுக்கு அவர் கூட வரட்டும்.

இனி அந்த எண்கள். ‘இரண்டு வருடம்’ என்று சொன்னவரை நான் குறை சொல்லப் போவதில்லை. எந்த மருத்துவரையும் கல்யாண வீட்டுப் பந்தியில் மடக்கிக் கேட்டால் ஏதோ ஓர் எண் வாயில் வந்துவிடும். ஆனால் வாய்க்கணிப்பின் தரம் என்ன என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் இறுதிக்கட்டப் பராமரிப்பில் இருந்த 468 பேரின் ஆயுளை அவர்களுடைய மருத்துவர்களையே கணிக்கச் சொல்லி, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஓரளவுக்காவது சரியாக வந்தவை ஐந்தில் ஒரு பங்குதான். மரணம் வாசலில் நிற்கும்போதே இந்த லட்சணம் என்றால், கட்டியை முழுதாக எடுத்து, தெம்பாக எழுந்து நடமாடும் ஒருவருக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன ‘இரண்டு வருடத்தை’ நீங்கள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டியதில்லை.

தம்பியின் 70 எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளில், நோய் பக்கத்து நெறிக்கட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) வரை போன பிரிவுக்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70-ஐச் சற்றுத் தாண்டும். அந்த எண்ணுக்கு மூன்று குறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டவர்களின் கணக்கு அது. இன்று கண்டவர்களுடையது அல்ல. அதே வயதில் புற்றுநோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு என்பதால் மாரடைப்பு, சர்க்கரை எல்லாம் அதில் கழிக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு நெறிக்கட்டியில் நோய் இருந்தவரும் பன்னிரண்டில் இருந்தவரும் அதே கூடையில் கிடப்பார்கள் என்பதுதான் மூன்றிலும் பெரிய குறை. மூன்றாம் நிலைக்குள்ளேயே முதல் படியில் இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். கடைசிப் படியில் ஏறத்தாழ பாதிப் பேர்தான். நடுப்படியில் இருக்கிறார் உங்கள் அப்பச்சி.

அதனால் நீங்கள் அனுப்பிய அறிக்கையைத்தான் நான் நம்புகிறேன். அது எப்படி உருவாகிறது என்று சொன்னால் அந்த ஒன்றரைப் பக்கத்தின் மதிப்பு உங்களுக்குப் புரியும். நாங்கள் வெட்டியெடுத்த குடல், அதைத் தாங்கும் கொழுப்பு மடிப்போடு ஃபார்மலின் வாளியில் நோய்க்குறியியல் கூடத்துக்குப் போகிறது. மறுநாள் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு அந்த மஞ்சள் கொழுப்பை மெல்லிய துண்டுகளாக அரிந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். துவரம்பருப்பு அளவில் ஏதோ தட்டுப்பட்டால் அது நெறிக்கட்டி. மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். முறத்தில் கல் பொறுக்குவது போன்ற வேலை. பொறுமை இல்லாதவர் கையில் ஐந்தாறு மட்டும் கிடைக்கும். குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது விதி. ஐந்து பார்த்துவிட்டு ‘நோய் இல்லை’ என்று எழுதினால் அதில் எனக்கு நம்பிக்கை வராது. உங்கள் அப்பச்சிக்கு 17 எடுத்திருக்கிறார்கள். அறுத்தவரும் தேடியவரும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள் என்று அந்த ஓர் எண்ணே சொல்கிறது.

17-இல் இரண்டில் நோய். அறிக்கையில் ‘டி3 என்1பி’ என்று இருப்பதன் பின்பாதி அதுதான். முன்பாதியான டி3 என்பது, கட்டி குடல் சுவரின் தசையைக் கடந்து வெளிக்கொழுப்பைத் தொட்டிருக்கிறது, ஆனால் குடலின் வெளித்தோலைப் பிளந்துகொண்டு வயிற்றறைக்குள் எட்டிப்பார்க்கவில்லை என்று பொருள். சுவரில் எவ்வளவு ஆழம், நெறிக்கட்டியில் உண்டா இல்லையா என்ற இந்த இரண்டு கேள்விகளை வைத்து லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் 1932-இல் ஆசனக்குடல் புற்றைத் தரம் பிரித்தார். அதற்குப் பின் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இன்றைக்கும் நான் அறிக்கையைக் கையில் வாங்கியதும் கண் போவது அந்த இரண்டு இடங்களுக்குத்தான்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை, மிக நல்லது. நரம்பைச் சுற்றிப் பரவவில்லை, நல்லது. நுண்குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் தென்பட்டிருக்கின்றன. இது பாதகமான குறிப்பு, மறைக்கவில்லை. சிஇஏ என்ற, இந்தப் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை அறுவைக்கு முன் 8.4 இருந்து இப்போது 2.1-க்கு இறங்கியிருக்கிறது. ஐந்துக்குள் இருந்தால் சரி. முன்பு கூடியிருந்தது சற்றுப் பாதகம், முழுதாக இறங்கியது சாதகம். அடைப்போ ஓட்டையோ ஏற்பட்டு நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடிய அறுவையும் அல்ல. அதுவும் கணக்கில் சேரும்.

இப்போது நீங்கள் கேட்ட எண். மூன்றாம் நிலைக்காரர்களுக்குக் கீமோ மூன்று மாதம் போதுமா, ஆறு மாதம் வேண்டுமா என்று ஆறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஐந்தாண்டு முடிவில் மூன்று மாதம் எடுத்தவர்களில் 82.4 சதவீதமும் ஆறு மாதம் எடுத்தவர்களில் 82.8 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் அப்பச்சியைப் போல டி3-க்கு மேல் போகாமல், மூன்று நெறிக்கட்டிக்குள் நின்றவர்கள் அபாயம் குறைந்த பாதியில் சேர்ந்தார்கள். ஆனால் ஆய்வுகளில் சேர்க்கப்படுபவர்கள் ஓரளவு பொறுக்கியெடுத்த ஆரோக்கியசாலிகள், வயதும் கொஞ்சம் குறைவு. அதையும் நுண்குழாய்க் குறிப்பையும் கழித்துக்கொண்டு, காலத்தோடு சிகிச்சை எடுத்தால் இவரைப் போன்ற நூறு பேரில் 75-இலிருந்து 85 பேர் வரை ஐந்தாம் ஆண்டைக் காண்பார்கள் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். பல இணையதளங்களில் வயதையும் நெறிக்கட்டியையும் தட்டினால் எண் சொல்லும் கணிப்பான்களும் இதையொட்டித்தான் சொல்லும். தசமப் புள்ளிக்குப் பின்னால் அவை காட்டும் இலக்கங்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அந்த நூறில் அப்பச்சி எந்த ஆள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இவரைவிட மோசமான அறிக்கை வைத்திருந்த பெரியவர் ஒருவர், அறுவை முடிந்து பதினான்கு ஆண்டு கழித்தும் தீபாவளிக்குப் பலகாரத்தோடு என் வீட்டுப் படியேறினார். இவரைவிட நல்ல அறிக்கையோடு வந்த ஓர் ஆசிரியையை ஒன்றரை ஆண்டில் இழந்தோம். முதல் கதையை மட்டும் சொன்னால் உங்களுக்கு இன்றிரவு தூக்கம் வரும். ஆனால் நீங்கள் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள்.

இந்த எண் அசையாமல் நிற்பதும் இல்லை. நோய் திரும்புவதென்றால் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சுத்தமாகக் கழியும்போது முன்னால் இருக்கும் கணக்கும் கூடும். மூன்றாம் ஆண்டு முடிவில் நீங்கள் இதே கேள்வியை எழுதினால் நான் வேறு எண் சொல்வேன். அதுவரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிஇஏ, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை சிடி ஸ்கேன், அறுவை நடந்து ஓராண்டில் கொலோனோஸ்கோபி. குடலின் ரத்தமெல்லாம் ஒரே பெருநாளம் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. செல்கள் தப்பினால் முதலில் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். அங்கே ஓரிரண்டு புள்ளியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அதையும் வெட்டியெடுக்கலாம்; அப்படி எடுக்க முடிந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் மேலும் ஐந்தாண்டு கடக்கிறார்கள். ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அறிக்கையில் ஒரு குறை உண்டு. எம்எம்ஆர் பரிசோதனை செய்யவில்லை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. வலப்பக்கக் கட்டிகளில் அவை இல்லாமல் போவது சற்று அதிகம். புதிதாகக் குடலைத் தொட வேண்டியதில்லை; கூடத்தில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டையிலிருந்தே செய்துவிடலாம். முடிவு எப்படி வந்தாலும் பயன்தான். புரதம் இல்லையென்று வந்தால் கீமோவோடு நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழும். அப்படிச் சேர்ப்பதால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2025-இல் முடிவு வந்திருக்கிறது. அதோடு இது பரம்பரைக் கோளாறா என்றும் துருவ வேண்டியிருக்கும். பரம்பரை இல்லை என்றாலும், தகப்பனுக்கு வந்தால் பிள்ளைகள் 40 வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நீங்களும் தம்பியும் 40-ஐத் தாண்டியிருந்தால், இந்த வரியைப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

கீமோ மூன்று மாதமா ஆறு மாதமா என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசுங்கள். இவருடைய நிலைக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் இரண்டு வாரம் கேப்சிடபின் மாத்திரையுமாக நான்கு சுற்று போதும் என்றுதான் நானாக இருந்தால் சொல்வேன். வயது எழுபதை நெருங்கும்போது ஊசியால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைகிறது, கை கால் மரத்துப்போவதோ கூடுகிறது. ஊசியே இல்லாமல் மாத்திரை மட்டும் போதுமா என்றும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. மாத்திரை மட்டும் என்றால் வழக்கமாக ஆறு மாதம் எடுக்க வேண்டும். ஊசி போடுவதாக இருந்தால் உங்கள் வீட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. ஊசி போட்ட சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் விரல் சுருக்கென்னும், பானைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். விடியற்காலையில் வளவில் ஆத்தங்குடிக் கல் எப்படிக் குளிர்ந்து கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறுங்காலோடு இறங்கிய ஒருவர் ‘கண்ணாடிச் சில்லில் மிதித்ததுபோல இருந்தது’ என்றார். வீட்டுக்குள் செருப்பா என்று ஆத்தா முகம் சுளிப்பார்கள். துணிச் செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

அப்பச்சி குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போனவர் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியம். பெருங்குடல் அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மூன்று ஆண்டு முறையாக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். 2025-இல் வந்த முடிவின்படி எட்டாம் ஆண்டில் பயிற்சி செய்தவர்களில் 90.3 சதவீதமும், அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களில் 83.2 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். ஒரு மருந்து இப்படியொரு வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலையை நினைத்துப்பாருங்கள். வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரம் வேகநடை போதும். வெயில் ஏறிவிட்டால், முகப்பில் நுழைந்து பின்தெருவில் வெளியேறும் வீட்டை வைத்துக்கொண்டு நடக்க இடமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். இந்தத் தைப்பூசத்துக்குப் பழனி வேண்டாம். குன்றக்குடி வரை போய்வரட்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்பது கட்டுக்கதை. கவுனி அரிசி கேட்டால் கொடுங்கள். மாத்திரைக் காலத்தில் வயிறு போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

அப்பச்சியிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது. நாற்பது ஆண்டு கடை நடத்தி, ஆண்டு முடிவில் தன் கையால் ஐந்தொகை எடுத்த மனிதர் அவர். வரவும் நட்டமும் தெரிந்தவர். புண்ணுக்கு யாரும் இருபத்தொரு நாளைக்கொரு முறை சொட்டுமருந்து ஏற்றுவதில்லை. அந்த வார்டில் அரை நாள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிவிடுவார். அநேகமாக இப்போதே அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று சும்மா இருக்கிறார். ஆத்தா பக்கத்தில் இருக்கும்போது, ‘கட்டி இருந்தது, எடுத்தாகிவிட்டது, திரும்பாமல் இருக்க மருந்து’ என்ற மூன்று சொற்றொடர்களில் தொடங்குங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். எண் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடலாம். நான் எழுதும்போதே அவரும் படிப்பார் என்று வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

பீமரத சாந்தியை ஐப்பசிக்கு இழுக்க வேண்டாம். ஆவணி தொடக்கத்தில் கீமோ ஆரம்பித்தால் ஐப்பசியில் நான்காவது சுற்று நடக்கும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஊரே கூடி ஆசி வாங்க வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போட்ட உடம்பின் மேல் கலசம் கலசமாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதை நினைத்தாலே எனக்குத் தொண்டை இறுகுகிறது. வைகாசியில் மருந்து முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். விரல் நுனியில் கொஞ்சம் மரத்த உணர்வு மிச்சமிருக்கலாம், திருப்பூட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கைகொடுத்தால் போதும். ஓராண்டுக் கொலோனோஸ்கோபிக்கு ஆனியில் தேதி வாங்குங்கள். அதற்கு முந்தின நாள் வயிறு கழியக் குடிக்கும் மருந்தும் சாந்தி விருந்தும் ஒரே வாரத்தில் வந்துவிட வேண்டாம்.

நாளைக் காலை செய்ய வேண்டியது ஒன்று. அறிக்கையின் மேல் மூலையில் சாய்கோடு போட்டு ஓர் எண் இருக்கிறது, அதுதான் மெழுகுக் கட்டையின் எண். அதைச் சொல்லி எம்எம்ஆர் கேளுங்கள். முடிவு வரும் வரை கீமோவுக்கு நாள் குறிப்பதை நிறுத்திவைக்க வேண்டாம்.